பத்து இருபதானது யாருக்காக?

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு நாள் கண்ணைத் திறந்துகொண்டு போய்ப் பாருங்கள், தோழர்களே! ஏர் ஓடிய பூமியில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம், வடகால், மாம்பாக்கம் என்று எங்கே திரும்பினாலும் சிப்காட் பலகைதான். மரச்சட்டமும் இரும்புக் கம்பியும் போட்ட பழைய ஜன்னல் எங்கேயாவது பள்ளிக்கூடத்தில்தான் தென்படுகிறது. ஆலையின் ஆபீஸானாலும் சரி, அடுக்குமாடி வீடானாலும் சரி, விடுதியானாலும் சரி, அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி பூட்டி, விரல் நுனியால் தள்ளினால் சத்தமில்லாமல் ஓடுகிற ஸ்லைடிங் ஜன்னல். கதவும் அதே மாதிரி. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளருக்கென்று ஒரு விடுதி திறந்தார்கள். 18,720 பேர் தங்க, 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 18,720 பேர் குடியிருக்கும் கட்டடம் என்றால் எத்தனை ஜன்னல், எத்தனை கதவு! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

“பார்த்தாயா அபிவிருத்தியை!” என்று மார்தட்டுகிறார்கள் மந்திரிமார்களும் முதலாளிமார்களும். பார்த்தோம். நன்றாகவே பார்த்தோம். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம்: இந்த ஜன்னலை அறுத்து, கோத்து, தோளில் சுமந்து, ஏழாவது மாடியில் தொங்கிக்கொண்டு பூட்டினானே ஒருவன், அவன் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறான்?

ஒரு ஜன்னலுக்குப் பத்திரிகையில் இவ்வளவு இடமா என்று மில் தொழிலாளி கேட்கலாம். “எங்கள் குடிசைக்கு ஜன்னலே கிடையாது, இதில் அலுமினிய ஜன்னலுக்கு எங்கே போவது?” என்று விவசாயத் தொழிலாளி சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் உங்கள் மகன் இன்று எங்கே வேலை பார்க்கிறான் என்பதையும் சொல்லுங்கள். மில்லில் புதிதாக ஆள் எடுப்பதில்லை. வயலிலோ நடவுக்கு ஒரு பத்து நாள், அறுப்புக்கு மிஷின். பையன் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தான், பெரிய ஆலையின் கேட்டில் “ஐ.டி.ஐ. படித்தவனுக்கே இடமில்லை” என்றார்கள், பக்கத்துச் சாலையோரப் பட்டறையில் வாளைப் பிடித்துவிட்டான். ஆகையால் இது உங்கள் வீட்டு விஷயம்.

மலையிலிருந்து சுவருக்கு

ஜன்னல் பட்டறையில் பிறப்பதில்லை. அது மலையில் பிறக்கிறது. பாக்சைட் என்ற மண்ணை ஏறத்தாழ நாலு டன் தோண்டினால் இரண்டு டன் அலுமினா கிடைக்கும். அதை மின்சாரத்தால் பிரித்தால் ஒரு டன் அலுமினியம் கிடைக்கும். அந்த ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். 2016இல் அறிவித்தார்களே, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று, அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு ஏழைக் குடும்பம் 23 வருஷம் விளக்கெரிக்கும் மின்சாரம் இது!

தமிழ்நாட்டிலேயே இந்தத் தொழில் இருந்தது. மேட்டூரில், அணைக்கட்டு மின்சாரத்தை நம்பி, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, 1965இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. 1995இல் அது ஸ்டெர்லைட் கூட்டத்தின் கைக்குப் போயிற்று. 2008 கடைசியில் உருக்காலை நின்றது. மலையின் மண் போனது போனதுதான். மேட்டூர் ஜனங்களுக்கு மிஞ்சியது சிவப்புச் சேற்று மேடு.

அதே கூட்டம் 2001இல் சத்தீஸ்கரின் கோர்பாவில் இருந்த பால்கோவையும் விழுங்கியது. ஜனங்களின் பணத்தில் கட்டிய பொதுத்துறை ஆலை அது. 51 சதவீதப் பங்கை 551 கோடி ரூபாய்ச் சில்லறைக்கு டில்லி சர்க்கார் தூக்கிக் கொடுத்தது. ஆலைத் தொழிலாளர் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விற்பனையைத் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் பொதுச் சொத்தை விற்றால் தொழிலாளி வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான் என்பதை நாடு கண்டது. எட்டு வருஷம் கழித்து, 2009 செப்டம்பர் 23இல், அதே கோர்பாவில் பால்கோவுக்காகக் கட்டிக்கொண்டிருந்த மின் நிலையத்தின் புகைபோக்கி சரிந்து விழுந்து 40 தொழிலாளருக்குக் குறையாமல் மாண்டார்கள். ஒரிஸ்ஸாவின் நியம்கிரி மலைக்கு அந்தக் கூட்டம் குறிவைத்தபோது ஆதிவாசி ஜனங்கள் விடவில்லை. சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2013இல் 12 கிராம சபைகள் கூடின. 12 சபைகளும் “மலையைத் தரமாட்டோம்” என்றன. மலை இன்னும் நிற்கிறது. தூத்துக்குடியில் 2018 மே 22இல் நடந்ததைத் தமிழனுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தது இந்தக் கூட்டத்தின் செம்பு ஆலைக்கு எதிரான போராட்டத்தில்தான்.

உருக்கிய அலுமினியம் உருண்டைத் தடியாக வருகிறது. அதை 450 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நம் வீட்டு முறுக்கு உரலில் மாவை அழுத்துவது போல, எஃகு அச்சுக்குள் அழுத்திப் பிதுக்கினால் நீளநீளமாய்ச் சட்டம் வரும். பட்டறை பாஷையில் ‘செக்‌ஷன்’. அதற்கு நிறப்பொடி தூவிச் சூளையில் சுட்டால் பவுடர் கோட்டிங்.

கண்ணாடிக்கோ வெளியூர் போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000ஆம் வருஷத்திலிருந்து செயின்ட் கோபேன் கம்பெனி செய்கிறது. மணலை உருக்கி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக எடுக்கிறார்கள். பிரெஞ்சு ராஜாவின் ஆட்களால், நிலைக்கண்ணாடி செய்ய 1665இல் தொடங்கப்பட்ட கம்பெனி அது. ராஜ வம்சத்தின் தலை 1793இல் உருண்டுவிட்டது. கம்பெனியோ உருண்டு உருண்டு நம் ஏரிக்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது!

பட்டறைக்குள்

இப்போது சாலையோரப் பட்டறைக்கு வாருங்கள். படப்பைப் பக்கம் போங்கள், சுங்குவார்சத்திரம் பக்கம் போங்கள், எல்லாம் ஒரே அச்சுத்தான். தகரக் கூரை. மே மாதத்தில் உள்ளே நின்றால் அலுமினியத்தை உருக்கத் தனி அடுப்பு வேண்டாம். சுவரோடு சாய்த்த பன்னிரண்டு அடி, பதினாறு அடிச் செக்‌ஷன்கள். நடுவில் ஒரு கட்டிங் மிஷின். அதில் சுற்றுகிற வட்ட வாள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றும். வாளுக்கு மேல் ஒரு மூடி இருக்கவேண்டும். இருந்தது, கழற்றி மூலையில் போட்டிருக்கிறார்கள். ஏன்? மூடி இருந்தால் 45 டிகிரி வெட்டுக்கு அளவுக் கோடு சரியாகத் தெரியாதாம்; நேரம் பிடிக்குமாம். கூலி மணிக்கணக்கில் இல்லை, சதுரடிக் கணக்கில். சதுரடி ஏற வேண்டுமானால் மூடி இறங்க வேண்டும்! கையை வாளுக்குக் கொடுத்தவன் அஜாக்கிரதைக்காரன் என்கிறார் முதலாளி. மூடியைக் கழற்றச் சொன்ன சதுரடிக் கூலிக்கு என்ன பெயர் வைப்பார்?

வாளிலிருந்து பறக்கும் அலுமினியத் துருவல் கண்ணில் பாய்கிறது. அலறுகிற சத்தத்தில் காது மந்தமாகிறது. கண்ணாடி அணிந்திருக்கிறானா பையன்? அணிந்திருக்கிறான், கொளுத்தும் வெயிலுக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடியை. அறுத்த துண்டுகளைக் கிளீட் வைத்து மூலை சேர்த்து, ஷட்டருக்கு அடியில் பேரிங் பூட்டி, ஓரத்தில் பிரஷ் ஒட்டி, ரப்பர் பீடிங் அழுத்திக் கண்ணாடியை இறக்குகிறார்கள். கொசுவலைக்கு ஒரு டிராக் தனி. நுட்பமான வேலை, தோழர்களே! ஒரு நூல் அளவு பிசகினால் ஜன்னல் ஓடாது. பத்து வருஷம் கைபழகிய தொழிலாளியைக்கூட முதலாளி ‘பையன்’ என்றுதான் கூப்பிடுகிறார். வயது நாற்பது, பெயர் பையன்.

பிறகு கட்டடத்துக்கு ஏற்றுகிறார்கள். 5 மில்லிமீட்டர்க் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12½ கிலோ. ஆறடிக்கு நாலடி ஒரு தகடு என்றால் சுமார் 28 கிலோ. கட்டடத்துக்கு லிப்ட் இன்னும் வரவில்லை. ஜன்னல் முடிந்த பிறகுதான் லிப்ட் வரும். ஆகையால் இரண்டு பேர் படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். கையுறை ஒரு ஜோடி, இரண்டு பேருக்கு. மேலே போய், வெளிப்பக்கச் சந்தில் சிலிக்கான் பூசுவதற்கு, இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே வளைய வேண்டும். பெல்ட்டைக் கட்டுவதற்குக் கொக்கி எங்கே? கட்டடத்தின் படத்தில் நீச்சல் குளம் வரைந்தவர்கள் கொக்கி வரையவில்லை.

மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி வருகிறது: “தவறி விழுந்து தொழிலாளி பலி.” தவறி விழுந்தானாம்! கயிறு கொடுக்காதது தவறில்லை, வலை கட்டாதது தவறில்லை, விழுந்ததுதான் தவறு!

சிவப்பு எழுத்தில் எழுதச் சொன்ன சட்டம்

1948இல் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. தொழிலாளரின் நீண்ட நெடும் போராட்டம் இல்லாமல் அது வரவில்லை. மின்சாரம் வைத்து வேலை நடந்தால் பத்துப் பேர், மின்சாரம் இல்லாமல் நடந்தால் இருபது பேர். இவ்வளவு ஆள் இருந்தால் அது தொழிற்சாலை. அபாயமான மிஷின் பாகத்துக்கு வேலி போடு என்றது 21ஆம் பிரிவு. வெளிச்சம் வரும் கண்ணாடி ஜன்னல்களை உள்ளும் புறமும் துடைத்து வை என்றது 17ஆம் பிரிவு. நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது 38ஆம் பிரிவு. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டாதே. ஸ்லைடிங் கதவைத் தவிர மற்றக் கதவெல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். நெருப்புப் பிடித்தால் தப்பும் வழியான ஜன்னலிலும் கதவிலும், தொழிலாளருக்குப் புரியும் பாஷையில், சிவப்பு எழுத்தில் எழுதி வை. சட்டம் முதலில் எழுதப்பட்டபோது இப்படித்தான் இருந்தது.

அந்தச் சட்டம் ஒழுங்காக அமலாயிற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எத்தனை இன்ஸ்பெக்டர் வாசலோடு காபி குடித்துவிட்டுத் திரும்பினார் என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் கை போனவன் கோர்ட்டுக்குப் போனால் விரல் வைத்துக் காட்ட ஒரு பிரிவு இருந்தது. “இது தொழிற்சாலை, இதற்கு லைசென்ஸ் எங்கே, வரைபட அனுமதி எங்கே?” என்று சங்கம் கேட்க ஒரு வாசல் இருந்தது.

2025 நவம்பர் 21இல் அந்த வாசலைச் சாத்தினார்கள். 29 தொழிலாளர் சட்டங்களைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நாலு தொகுப்புச் சட்டங்களை டில்லி சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. அதில் பத்து இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. மின்சார வாள் வைத்து 19 பேர் வேலை செய்கிற அலுமினியப் பட்டறை நேற்று வரை தொழிற்சாலை. இன்று வெறும் ‘நிறுவனம்’! வாள் அதே வாள். சுற்று அதே சுற்று. விரலும் அதே விரல். கணக்குத்தான் மாறிற்று.

இன்னும் கேளுங்கள். கட்டடத்தில் ஜன்னல் பூட்டுகிற கூட்டம் காண்டிராக்டரின் கூட்டம். முன்பு 20 பேரை வைத்தால் காண்டிராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும். இப்போது 50 பேர் வரை லைசென்ஸ் வேண்டாம். வெளி மாநிலத் தொழிலாளி ஐந்து பேர் இருந்தாலே 1979ஆம் வருஷத்துச் சட்டம் வந்து நின்றது. இப்போது பத்துப் பேர் வேண்டும். ஆலையை மூட, ஆளைக் குறைக்க 100 பேருக்கு மேல் என்றால் சர்க்கார் அனுமதி வேண்டும் என்றிருந்தது; இப்போது 300. எல்லா எண்ணும் ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஒன்றாவது தொழிலாளி பக்கமாக நகர்ந்ததா?

காகிதத்தில் இருக்கும் எண்ணுக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று சிலர் கேட்கிறார்கள். எண் காகிதத்திலா இருக்கிறது? 2019 டிசம்பர் 8இல் டில்லி அனாஜ் மண்டியில், ஒரு கட்டடத்துக்குள் பை தைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பட்டறைகளில் நெருப்புப் பிடித்து 43 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கியவர்கள். ஜன்னலில் கம்பி. 2022 மே 13இல் அதே டில்லியின் முண்ட்காவில் 27 பேர். வெளியேற ஒரே வழி; கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்தார்கள் ஜனங்கள். எந்தக் கதவு எப்படித் திறக்க வேண்டும், எந்த ஜன்னலில் சிவப்பு எழுத்து வேண்டும் என்று எழுதிவைத்த பழைய சட்டக்காரர்கள் சும்மா எழுதவில்லை. செத்தவர்களை எண்ணிவிட்டு எழுதினார்கள்.

“சிறு முதலாளி பிழைக்க வேண்டாமா?”

இதுதான் எதிர்ப்பக்கத்தின் பெரிய ஆயுதம். “பதினைந்து ஆள் வைத்துப் பட்டறை நடத்துகிறவன் கோடீஸ்வரனா? அவனே நேற்று வரை வாள் பிடித்தவன்தானே? அவன் தலையில் இத்தனை சட்டத்தை ஏற்றினால் பட்டறையை மூடிவிடுவான், உங்கள் பையனுக்குத்தான் வேலை போகும்” என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை உண்டு. பட்டறை முதலாளி பலர் நேற்றைய தொழிலாளிதான். அவரும் கடன்காரர்தான். ஆனால் அவர் கழுத்தை நெரிப்பது எது? அலுமினியத்தின் விலையை லண்டன் உலோகச் சந்தையில் போடுகிறார்கள். அங்கே விரலசைத்தால் இங்கே படப்பையில் செக்‌ஷன் விலை ஏறுகிறது. செக்‌ஷன் விற்கிறவன் ரொக்கம் கேட்கிறான். ஜன்னல் வாங்குகிற பில்டரோ, சதுரடி ரேட்டை டெண்டரில் அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்டு, ஜன்னல் பூட்டி ஆறு மாதமானாலும் பாக்கியைத் தராமல் இழுக்கிறான். மேலே ஏகபோகம், முன்னே பில்டர், பின்னே வட்டிக்காரன். மூன்று பக்கமும் நெருக்கினால் சிறு முதலாளி நாலாவது பக்கமாகச் சாய்கிறார். அந்த நாலாவது பக்கத்தில் நிற்பவன் தொழிலாளி!

சிறு முதலாளியைக் காப்பாற்ற சர்க்காருக்கு உண்மையிலேயே மனமிருந்தால் என்ன செய்யும்? செக்‌ஷன் விலைக்கு உச்சவரம்பு போடும். பில்டர் பாக்கியை 45 நாளில் வசூலித்துக் கொடுக்கும். சிறுதொழிலுக்குப் பாக்கி வைக்கிறவன் அத்தனை நாளில் கொடுக்கவேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது, அதை முடுக்கலாமே! அதையெல்லாம் தொடவில்லை. தொட்டது எதை? பதினைந்து பேரின் பாதுகாப்பை. வேதாந்தா மேல் கை வைக்க முடியாதவர்கள் வாளின் மூடி மேல் கை வைத்திருக்கிறார்கள்.

வேறொரு வாதமும் உண்டு. “புதுச் சட்டத்தில் எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கிடைக்கும், நாற்பது வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஒரு தடவை இலவச வைத்தியப் பரிசோதனை கிடைக்கும், குறித்த காலத்துக்கு எடுத்த ஆளுக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை கிடைக்கும், இதையெல்லாம் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?” என்கிறார்கள். சொல்கிறோம்! எழுதியிருக்கிறது, கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், சங்கம் வைத்துக் கேட்டும் வாங்குவோம். ஆனால் இரண்டு ஷட்டர் போட்ட ஸ்லைடிங் ஜன்னலைப் பார்த்திருக்கிறீர்களா? எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். வலப்பக்கம் திறக்கும்போது இடப்பக்கம் மூடிக்கொள்ளும். நியமனக் கடிதத்தை ஒரு கையால் நீட்டுகிறார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டி யாரிடம் புகார் செய்வது? இன்ஸ்பெக்டரின் பெயரையே மாற்றி, ‘இன்ஸ்பெக்டர்-உதவியாளர்’ ஆக்கிவிட்டார்கள். யாருக்கு உதவியாளர் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமா? எந்தப் பட்டறையைச் சோதிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். நெருப்பு குலுக்குச் சீட்டுப் பார்த்துப் பிடிப்பதில்லை.

இந்தத் தந்திரம் இனிமேல் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முப்பது பேர் வேலை செய்கிற பட்டறை நடுவில் ஒரு தகரத் தடுப்பு எழும்பும். இந்தப் பக்கம் முதலாளி பெயரில் பதினைந்து. அந்தப் பக்கம் மைத்துனர் பெயரில் பதினைந்து. வாளுக்கு இந்தப் பக்கம் ஒரு பில், பவுடர் கோட்டிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு பில். தகரத்தில் ஒரு கதவு வைப்பார்கள். நிச்சயமாக ஸ்லைடிங் கதவுதான்!

பீடித் தொழிலாளி கண்ட வழி

ஜோசியம் சொல்வதாக நினைக்காதீர்கள். இது நடந்த கதை. தொழிற்சாலைச் சட்டம் வந்ததும் பீடி முதலாளிகள் என்ன செய்தார்கள்? பெரிய கொட்டகைகளைக் கலைத்தார்கள். பத்துப் பேர், எட்டுப் பேர் என்று சின்னக் கொட்டில்களாக்கினார்கள். கடைசியில் இலையையும் தூளையும் வீட்டுக்கே அனுப்பி, தொழிலாளியின் திண்ணையைத் தொழிற்சாலை ஆக்கினார்கள். ‘இது தொழிற்சாலை இல்லை, நான் முதலாளி இல்லை, நடுவில் காண்டிராக்டர் இருக்கிறான்’ என்றார்கள். பீடித் தொழிலாளர் அதோடு விட்டார்களா? கொட்டில் கொட்டிலாக, வீடு வீடாகச் சங்கம் கட்டினார்கள். 1958இல் சென்னை ராஜ்யத்தில் பீடிக் கூடங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1966இல் நாடு முழுவதற்கும் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆள் எண்ணிக்கைத் தந்திரத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டார்கள். 2025 நவம்பரில் குப்பைக்குப் போன 29இல் அந்த 1966ஆம் வருஷத்துச் சட்டமும் ஒன்று என்பதைப் பீடி சுற்றும் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

“அது அந்தக் காலம், இந்தக் காலத்தில் நடக்குமா?” என்று சோர்ந்து பேசுகிறவர்கள் தொலைதூரம் போக வேண்டாம், சுங்குவார்சத்திரம் வரை போனால் போதும். சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது என்ன? சங்கம் வைக்கும் உரிமை. ‘எங்கள் கம்பெனிப் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக் கூடாது’ என்றார்கள் முதலாளிகள். பந்தலைப் பிரித்தது போலீஸ். ராத்திரியில் வீடு புகுந்து கைது செய்தது. 37 நாள் நின்றார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் விஷமேறி நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, பாக்ஸ்கான் ஆலையின் பெண் பிள்ளைகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதியின் லட்சணம் உலகத்துக்குத் தெரிந்தது. 2023 ஏப்ரல் 21இல் சென்னை சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கினார்கள். பத்தே நாள்!

ஆனால் சாம்சங் தொழிலாளருக்கு இருந்த வசதி பட்டறைத் தொழிலாளிக்கு இல்லை. பன்னிரண்டு பேர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தால் பதின்மூன்றாம் நாள் வேறு பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்துவிடுவான். ஆகையால் பட்டறைக்கு ஒரு சங்கம் என்பது உதவாது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, அறுக்கிறவன், பவுடர் அடிக்கிறவன், கண்ணாடி வெட்டுகிறவன், மாடியில் பூட்டுகிறவன் எல்லாரும் சேர்ந்த ஒரே வட்டாரச் சங்கம் வேண்டும். பெரிய ஆலைத் தோழர்களே, அதைக் கட்ட உங்கள் கை வேண்டும். உங்கள் ஆபீஸ் ஜன்னலைச் செய்தவன் அவன். நாளைக்கு உங்கள் வேலையையும் துண்டு துண்டாக வெளியே அனுப்பி, அவன் கையில் பாதிக் கூலிக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷப் பேச்சை வேரோடு பிடுங்க வேண்டியிருக்கிறது. “வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துவிட்டான்” என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? ஒரிஸ்ஸாவின் மலையில் பாக்சைட் தோண்ட வந்தவர்கள் அவன் பூமியைக் கேட்டார்கள். பூமி போனவன் ரயிலேறி வந்து, தன் மலையிலிருந்து எடுத்த உலோகத்தையே இங்கே ஜன்னலாக அறுத்துக்கொண்டிருக்கக் கூடும். பரந்தூரில் விமான நிலையத்துக்கு நிலம் கேட்டபோது 2022 முதல் ஏகனாபுரம் ஜனங்கள் எந்த ஆத்திரத்தோடு கூடினார்களோ, அதே ஆத்திரம்தான் நியம்கிரியிலும் இருந்தது. கூலியைக் கெடுப்பது அவன் பாஷையல்ல. அவனுக்குக் குறைத்துக் கொடுக்கிற மேஸ்திரியும், அதைப் பார்த்து உனக்கும் குறைக்கிற முதலாளியும்தான். அவனையும் சங்கத்தில் சேர்த்து, ஒரே ரேட் கேட்டால் மேஸ்திரியின் வியாபாரம் படுத்துவிடும்.

நாங்கள் கேட்பது பெரிய சொர்க்கமல்ல. புதுச் சட்டத்திலேயே ஓரிடத்தில், உயிருக்கு ஆபத்தான வேலை என்று சர்க்கார் அறிவித்தால் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பாதுகாப்பு விதி பொருந்தும் என்று வைத்திருக்கிறார்கள். நல்லது. அலுமினியம் அறுக்கும் வட்ட வாளை, பவுடர் கோட்டிங்குக்கு முன் அமிலத் தொட்டியில் முக்கும் வேலையை, தரையிலிருந்து உயரத்தில் நின்று கண்ணாடி பூட்டும் வேலையை, இந்த மூன்றையும் அப்படி அறிவிக்கட்டும். கட்டடத்துக்கு வரைபட அனுமதி கொடுக்கும்போதே, ஜன்னல் பூட்டுகிறவனின் பெல்ட்டுக்குக் கொக்கி எங்கே என்று கேட்கட்டும். சதுரடிக் கூலிக்குக் கீழே ஒரு தினக்கூலி அடித்தளம் போடட்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் இருக்கிறது. ஜன்னல் பூட்டுகிற ஒவ்வொருவர் பெயரும், தமிழனானாலும் பீகாரியானாலும், அதில் ஏற வேண்டும். ஒருவன் விழுந்து செத்தால், காண்டிராக்டரைத் தேடி அவன் மனைவி மாவட்டம் மாவட்டமாக அலையக் கூடாது. கட்டடத்தின் சொந்தக்காரனே முதலில் பணத்தை எண்ணி வைக்க வேண்டும்.

இதற்கான முதல் வேலையைப் பட்டறைத் தோழர்களே, நீங்கள் இந்த வாரமே செய்யலாம். உங்கள் கூரையின் கீழ் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுங்கள். நோட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. கொடுக்க வேண்டும் என்பதால் பதினான்கு பேர் உள்ள இடத்தில் ஒன்பது பெயர் எழுதியிருக்கும். வாசலில் எத்தனை போர்டு தொங்குகிறது, கரண்டு பில் எத்தனை பெயரில் வருகிறது, வாளுக்கு மூடி இருக்கிறதா, இரண்டாவது கதவு இருக்கிறதா, அது எந்தப் பக்கம் திறக்கிறது, இவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து ஆலைத் தோழரிடம் சொல்லி எழுதுங்கள். இந்திக்காரத் தோழர் இருந்தால் அவரிடம் கேட்டு அவர் பெயரையும் சேருங்கள். காகிதத்தை முதலாளியிடம் காட்ட வேண்டாம். உங்கள் வட்டாரத்துச் செங்கொடிச் சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள்.